64 நாளில் முடியும் பயணத்துக்கு 236 நாள் ஏன்? அபிலாஷ் டோமியின் 36 அடி படகு சொல்லும் கணக்கு

பிரான்ஸின் மேற்குக் கடற்கரையில் லே சாப்ல் தொலோன் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவரும் இரண்டு பெரிய பந்தயங்கள் இந்த ஊரிலிருந்துதான் கிளம்புகின்றன. ஒன்று வாண்டே குளோப், இன்னொன்று கோல்டன் குளோப்.

இரண்டுக்கும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். அட்லாண்டிக்கில் தெற்கே இறங்கணும். ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை, ஆஸ்திரேலியாவின் லூவின் முனை, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை, மூன்றையும் தாண்டணும். அப்புறம் மறுபடியும் வடக்கே ஏறி அதே துறைமுகம்.

வாண்டே குளோப் பந்தயத்தில் 2025 ஜனவரி 14 அன்று பிரான்ஸின் சார்லி டாலன் 64 நாள் 19 மணி நேரத்தில் சுற்றி முடித்து சாதனை படைத்தார். கோல்டன் குளோப் பந்தயத்தில் இந்தியக் கடற்படையின் முன்னாள் கமாண்டர் அபிலாஷ் டோமி 2023 ஏப்ரல் 29 அன்று கரை சேர்ந்தபோது அவர் கடலில் இருந்தது 236 நாள். கிட்டத்தட்ட எட்டு மாதம். இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் இடம்!

ஒரே கடல், ஒரே காற்று. அப்புறம் எப்படி இவ்வளவு வித்தியாசம்? தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்த பிறகும் வேண்டுமென்றே மெதுவான படகில் ஏன் போகிறார்கள்? பதில் படகின் வடிவமைப்பில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவா பார்க்கலாம்.

அபிலாஷ் ஓட்டியது என்ன படகு?

ரஸ்லர் 36. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கட்டப்படும், குடும்பத்தோடு நீண்ட தூரம் போவதற்கான நடுத்தர அளவு 'குரூசிங்' படகு. பந்தயத்துக்காகவே உருவானது கிடையாது.

நீளம் சுமார் 10.8 மீட்டர். அகலம் 3.35 மீட்டர். தண்ணீருக்குக் கீழே 1.68 மீட்டர் ஆழம் வரை இறங்கி நிற்கும். எடை சுமார் 7.6 டன். இதில் 3.4 டன் வெறும் ஈயம். அதாவது படகின் மொத்த எடையில் 45 சதவீதம் அடியில் இருக்கும் ஈயக் கட்டிதான்.

கோல்டன் குளோப் பந்தயத்தின் விதியே இப்படிப்பட்ட படகுகளைத்தான் கேட்கிறது. நீளம் 32 முதல் 36 அடிக்குள் இருக்கணும். வடிவமைப்பு 1988-க்கு முந்தையதாக இருக்கணும். ஜிபிஎஸ் பார்த்து ஓட்டக்கூடாது. செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்து, காகித வரைபடத்தில்தான் இடத்தைக் குறிக்கணும்.

காரணம் 1968. அந்த ஆண்டு நடந்த முதல் கோல்டன் குளோப் பந்தயத்தில் கிளம்பியவர்கள் 9 பேர். முடித்தவர் ஒரே ஒருவர், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவர் ஓட்டிய 32 அடி 'சுஹைலி' பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட படகு. அவருக்கு ஆனது 312 நாள். அந்தக் காலத்து முறையிலேயே மறுபடியும் சுற்றுவதுதான் 2018-ல் தொடங்கிய புதிய கோல்டன் குளோப்.

மணிக்கு 13 கி.மீ. - இதுக்கு மேல போகாதா?

போகலாம், ஆனா ரொம்ப கஷ்டம். காரணம் இன்ஜினோ பாயோ இல்லை, படகே எழுப்பும் அலை.

படகு நகரும்போது அதன் முன்பகுதி தண்ணீரைத் தள்ளி ஓர் அலையை எழுப்பும். வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும், படகு தண்ணீரில் படிந்திருக்கும் நீளமும் சமமாகிவிடும். அப்போது முன்னால் ஒரு முகடு, பின்னால் ஒரு முகடு, நடுவில் உள்ள பள்ளத்தில் படகு. இதற்கு மேல் வேகம் வேணும்னா, தான் எழுப்பிய அலையின் மேலேயே படகு ஏறணும். மேட்டில் வண்டியைத் தள்ளுவது மாதிரிதான்.

இந்த வரம்பைக் கண்டுபிடிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. படகின் நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் 'நாட்' கணக்கில் வேகம் வரும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. ரஸ்லர் 36-ன் நீர்மட்ட நீளம் சுமார் 27 அடி. கணக்குப் போட்டால் வருவது 7 நாட், மணிக்கு 13 கி.மீ. பின்னாலிருந்து பெரிய அலை தள்ளும்போது சில நொடிகள் இதைத் தாண்டி வழுக்கிப் போகும். மற்ற நேரத்தில் இதுதான் கூரை.

சார்லி டாலனின் 60 அடி படகு இந்தக் கூரைக்குள் அடங்காது. கார்பனால் செய்த லேசான உடல், தட்டையான அடிப்பகுதி, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி 'ஃபாயில்'. வேகம் எடுத்தால் அந்த இறக்கை படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். அலையே எழுப்பாவிட்டால் அலையில் ஏறவும் வேண்டாமே!

அப்போ நீளமான படகா கட்டிட்டா போதுமா?

இங்கதான் கணக்கு கையைக் கடிக்கும். வரம்பு வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். வேகத்தை இரண்டு மடங்காக்க நீளத்தை நான்கு மடங்காக்கணும். நீளம் கூடினால் எடை, பாயின் பரப்பு, விலை எல்லாமே அதைவிட வேகமாகக் கூடும். நள்ளிரவுப் புயலில் அந்தப் பெரிய பாயை ஒரே ஆள் இறக்கணும் என்பதையும் யோசிக்கணும்.

ஆனால் அளவோடு கூட்டினாலே பலன் தெரியும். 2022-23 பந்தயத்தில் முதலிடம் பிடித்த தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் ஓட்டியது கேப் ஜார்ஜ் 36 என்ற படகு. மொத்த நீளத்தில் ரஸ்லரைப் போலத்தான். ஆனால் முன்பகுதியும் பின்பகுதியும் செங்குத்தாக இருப்பதால் தண்ணீரில் படியும் நீளம் சுமார் 31 அடி. வரம்பு வேகம் ஏறக்குறைய 7.5 நாட். அரை நாட் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஒரு நாளைக்கு 12 கடல் மைல், எட்டு மாதத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்க. நடுவழியில் இன்னொரு போட்டியாளரைக் காப்பாற்றப் பாதையை மாற்றிய பிறகும் அபிலாஷுக்கு இரண்டு நாள் முன்னதாகவே கிர்ஸ்டன் வந்துவிட்டார்.

இன்னொன்றும் இருக்கு. வரம்பு வேகம் வேறு, சராசரி வேகம் வேறு. கோல்டன் குளோப் பாதை சுமார் 30,000 கடல் மைல். 236 நாளால் வகுத்தால் அபிலாஷின் சராசரி சுமார் 5.3 நாட் வருகிறது. இது படகின் வரம்பில் முக்கால் பங்கு. காற்றில்லாத நாளும் புயல் நாளும் சேர்த்து எட்டு மாதம் இந்தச் சராசரியைப் பிடிப்பது சாதாரண விஷயம் இல்லை.

இதை நமக்குத் தெரிந்த இன்னொரு படகோடு ஒப்பிடலாம். இந்தியக் கடற்படையின் 56 அடி 'தாரிணி'. கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா என்ற இரண்டு லெப்டினன்ட் கமாண்டர்கள் இந்தப் படகில் உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவரும் இதே அபிலாஷ் டோமிதான். தாரிணி ரஸ்லரைவிட ரொம்ப நீளம், எனவே வரம்பு வேகமும் அதிகம். ஆனாலும் கோவாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் வரை சுமார் 4,900 கடல் மைலுக்கு 38 நாள் ஆனது. சராசரி 5.4 நாட்தான். பூமத்திய ரேகையைக் கடக்கும் பாதையில் காற்று படுத்துவிட்டால் எவ்வளவு நீளமான படகும் காத்துக்கொண்டுதான் நிற்கணும்.

கவிழ்ந்தாலும் எழுந்து நிற்பது எப்படி?

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எல்லாரும் பார்த்திருப்போம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். காரணம் அடியில் இருக்கும் கனம். ரஸ்லரின் 3.4 டன் ஈயம் செய்வதும் அதேதான்.

படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் பகுதிக்குப் பெயர் கீல். ஈயம் இருப்பது அங்கேதான். காற்று பாயைத் தள்ளிப் படகைச் சாய்க்கும்போது இந்த ஈயம் எதிர்ப்பக்கம் இழுக்கும். பெரிய அலை அடித்துப் படகு தலைகீழாகவே போனாலும், அகலம் குறைவான, அடிக்கனமான இந்த மாதிரிப் படகுக்குத் தலைகீழாக நிற்பது பிடிக்காது. அடுத்த அலையில் உருண்டு நிமிர்ந்துவிடும். அகலமான, அடிக்கனம் குறைந்த படகு தலைகீழானால் அப்படியே நிலையாக நின்றுவிடும் ஆபத்து அதிகம்.

கீலின் நீளத்துக்கும் வேலை உண்டு. ரஸ்லரில் கீல் அடிப்பகுதி முழுக்க நீண்டு போகிறது. அதன் பின்முனையில் சுக்கான் மாட்டப்பட்டிருக்கிறது. மிதக்கும் மரக்கட்டையோ மீன்பிடி வலையோ வந்தால் முதலில் கீலில்தான் மோதும், சுக்கான் தப்பிவிடும். நேர்கோட்டில் போவதிலும் இந்தப் படகு கெட்டி. சுக்கானைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுக் கஞ்சி காய்ச்சலாம், பாயைத் தைக்கலாம், தூங்கலாம். தனி ஆளுக்கு இதைவிடப் பெரிய உதவி எது?

இதுக்கு என்ன விலை கொடுக்கணும்?

இலவசம் எதுவும் இல்லை. நீளமான கீல் என்றால் தண்ணீரோடு உரசும் பரப்பு அதிகம். மெல்லிய காற்றில் படகு நகரவே யோசிக்கும். சட்டெனத் திரும்பாது. துறைமுகத்தில் ரிவர்ஸ் எடுப்பது பெரும்பாடு.

இப்போது கட்டப்படும் பெரும்பாலான நடுத்தரப் படகுகள் இதற்கு நேர் எதிர். குறுகிய, ஆழமான 'ஃபின் கீல்', தனியாகத் தொங்கும் சுக்கான், அகலமான பின்பகுதி. வேகமா போகும், லாவகமா திரும்பும், உள்ளே இரண்டு மூன்று படுக்கை அறை கிடைக்கும். வார இறுதியில் கரையோரமாகப் போய்வரும் குடும்பத்துக்கு அதுதான் சரி. அதை மோசமான வடிவமைப்பு என்று சொல்லவே முடியாது. அது வேறு வேலைக்கான கருவி, அவ்வளவுதான்.

எடையும் அப்படித்தான். கனமான படகு மெதுவாக வேகமெடுக்கும். ஆனால் எட்டு மாதத்துக்கான சாப்பாடு, தண்ணீர், உதிரிபாகம் எல்லாம் ஏற்றினாலும் அதன் குணம் பெரிதாக மாறாது. அலையில் தூக்கித் தூக்கி அடிக்காது. லேசான படகில் அதே சரக்கை ஏற்றினால் அதன் வேகமே காணாமல் போய்விடும்.

அப்படின்னா இந்தப் படகுகள் பாதுகாப்பானவையா?

இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. பந்தயத்தின் வரலாறே அதற்கு சாட்சி.

முதலில் நல்ல பக்கம். 2018-19 பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது ரஸ்லர் 36 படகுகள்தான். வென்ற பிரான்ஸின் ழான்-லுக் வான் டென் ஹீடுக்கு வயது 73. நடுக்கடலில் படகு சாய்ந்து பாய்மரத்தின் பிடிமானம் சேதமானது. அதைத் தானே சரிசெய்து 212 நாளில் முடித்தார்.

இப்போது மறுபக்கம். அதே பந்தயத்தில் அதே ரஸ்லர் 36-ல் போன பிரிட்டனின் சூசி குட்ஆலின் படகு, 2018 டிசம்பரில் தெற்குப் பசிபிக்கில் முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்தது. பாய்மரம் போனது. அவர் மயங்கி விழுந்தார். இரண்டு நாள் கழித்து ஒரு சரக்குக் கப்பல் அவரை மீட்டது.

அபிலாஷ் டோமியே அந்தப் பந்தயத்தில் பாதிக்கப்பட்டவர். அப்போது அவர் ஓட்டியது சுஹைலியின் மாதிரியில் கோவாவில் கட்டப்பட்ட 'துரியா'. 2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் படகு உருண்டு பாய்மரம் முறிந்தது. அவருடைய முதுகெலும்பும் முறிந்தது. மூன்று நாள் அசைய முடியாமல் கிடந்தவரை பிரான்ஸின் ஒசிரிஸ் கப்பல் மீட்டது. முதுகில் டைட்டானியம் பொருத்தப்பட்ட அதே மனிதர்தான் நான்கு ஆண்டு கழித்து மறுபடியும் கிளம்பினார்.

இந்த இரண்டு சம்பவத்திலும் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பாய்மரம் போனது, ஆனால் படகு மூழ்கவில்லை. மீட்பு வரும்வரை மிதந்தது. நீண்ட பயணப் படகின் வடிவமைப்பு முதலில் காப்பாற்ற வேண்டியது இந்த அவகாசத்தைத்தான். புயலே தாக்காமல் பார்த்துக்கொள்ள எந்தப் படகாலும் முடியாது. தாக்கிய பிறகு எத்தனை மணி நேரம், எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி.

அந்த அவகாசமும் எப்போதும் கிடைக்காது. 2022 நவம்பரில் பின்லாந்தின் டாபியோ லெஹ்டினெனின் 'ஆஸ்டீரியா' படகில் பின்பக்கம் வழியாகத் தண்ணீர் புகுந்தது. சில நிமிடங்களில் மொத்தமாக மூழ்கியது. அதுவும் நீளமான கீல் வைத்த கனமான படகுதான். அவர் ரப்பர் தெப்பத்தில் தப்பினார். கிர்ஸ்டன் பாதையை மாற்றிப் போய்க் காப்பாற்றியது இவரைத்தான்.

பெரிய புயலைவிட சின்ன பாகம்

2022-ல் கிளம்பியவர்கள் 16 பேர். எங்கும் நிற்காமல், விதிப்படி முழுமையாக முடித்தவர்கள் 3 பேர் மட்டும். மற்றவர்களில் சிலரை நிறுத்தியது பெரிய அலையோ திமிங்கிலமோ கிடையாது.

உதாரணத்துக்கு 'விண்ட்வேன்'. தனி ஆள் தூங்கும்போது படகை ஓட்டுவது இந்தக் கருவிதான். மின்சாரமே வேண்டாம். பின்பக்கம் ஒரு சின்ன தகடு காற்றின் திசையை உணரும். படகு திசை மாறினால் தகடு சாயும். அந்தச் சாய்வு தண்ணீரில் தொங்கும் துடுப்பைத் திருப்பும். தண்ணீரின் விசை சுக்கானை இழுக்கும். அவ்வளவு எளிமையான, அவ்வளவு முக்கியமான கருவி.

பந்தயத்தில் பல வாரம் முன்னிலையில் இருந்த பிரிட்டனின் சைமன் கர்வெனுக்கு தெற்குப் பசிபிக்கில் இது உடைந்தது. சரிசெய்ய சிலி நாட்டுக் கரைக்குப் போகவேண்டி வந்தது. கரை தொட்டதால் பட்டியலில் முதலிடத்துக்கான வாய்ப்பு போனது. அபிலாஷுக்கும் இதே பிரச்சினை திரும்பத் திரும்ப வந்தது. கொண்டுபோன உதிரிபாகங்கள் தீர்ந்ததும் படகில் இருந்த கழிவறைக் கதவையே அறுத்து மாற்றுப்பாகம் செய்தார்!

அதைவிடச் சின்ன எதிரியும் உண்டு. நம் மீனவர்கள் கொட்டலசு என்று சொல்லும் உயிரினம். படகின் அடியில் ஒட்டி வளரும். மழமழப்பான அடிப்பகுதி சொரசொரப்பானால் வேகம் சரிந்துவிடும். 2018-19 பந்தயத்தில் லெஹ்டினெனின் படகு முழுக்க இது படிந்துவிட்டது. முதலில் வந்தவருக்கு 212 நாள், இவருக்கு 322 நாள். வடிவமைப்பாளர் வரைபலகையில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வேகத்தை ஒரு விரல் நீள உயிரினம் தின்றுவிட்டது.

சரி, இதில் நமக்கு என்ன?

அடுத்த கோல்டன் குளோப் 2026 செப்டம்பரில் தொடங்கும் என அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றிய செய்தி கண்ணில் படும்போது 'இந்தக் காலத்துல போய் எட்டு மாசமா?' என்று கேட்கத் தோன்றலாம். அப்போது இந்த மூன்றையும் நினைவில் வைத்தால் போதும்.

ஒன்று, ஒரு படகின் வேகத்தை மட்டும் வைத்து அதை எடைபோட முடியாது. தண்ணீரில் படியும் நீளம், மொத்த எடை, அதில் அடிக்கனத்தின் பங்கு, இந்த மூன்று எண்ணைப் பார்த்தால் அது எந்த வேலைக்கான படகு என்று ஓரளவு தெரிந்துவிடும்.

இரண்டு, ஒரு வசதியைக் கூட்டினால் இன்னொன்று குறையும். லேசான படகு பறக்கும், சரக்கு தாங்காது. நீளமான கீல் நேராகப் போகும், துறைமுகத்தில் படுத்தும். எல்லாமும் சேர்ந்த படகு இன்னும் யாரும் கட்டவில்லை.

மூன்று, படகு பாதிதான். மீதி அதை ஓட்டும் ஆள். உடைந்ததைச் சரிசெய்யத் தெரிந்த கை, காற்று கூடுவதற்கு முன்பே பாயைச் சுருக்கிவிடும் புத்தி, இவை எந்த வரைபடத்திலும் வராது.

64 நாளில் சுற்றியவரின் படகு மனிதன் காற்றை எவ்வளவு தூரம் கறக்க முடியும் என்று காட்டுகிறது. 236 நாளில் சுற்றியவரின் படகு, தவறு நடந்த பிறகும் ஒரு மனிதனை எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என்று யோசித்துக் கட்டப்பட்டது. முதுகெலும்பு முறிந்த கடலுக்கே திரும்பிப் போகிற ஒருவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.